உப்பு தேவையான அளவு: வாசகர் கேள்விகள்

சமையல் புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுகிறீர்களே, எல்லாவற்றையும் செய்து பார்த்துத்தான் எழுதுகிறீர்களா?
- வாசகி, கும்பகோணம்

எல்லாவற்றையும் செய்தால் வீட்டில் என்னைத் தள்ளி வைத்துவிடுவார்கள். ஒரு புத்தகத்துக்கு ஐந்து: குழம்பு, பொரியல், டிபன், பலகாரம், அப்புறம் நான் கேள்வியே படாத ஒன்று. சமைப்பது சுலபம், கையைக் கட்டிப்போடுவதுதான் பெரும்பாடு. முப்பது வருஷமாக அடுப்படியில் நின்ற கை, புத்தகம் விட்டதைத் தானாகப் போட்டுவிடும். புத்தகத்தில் பெருங்காயம் இருக்காது, ரசத்தில் இருக்கும். பாராட்டு புத்தகத்துக்குப் போய்விடும். அதனால் முதல் தடவை எழுத்துக்கு எழுத்து அதில் உள்ளபடிதான்.

போன தீபாவளிக்கு ஒரு புத்தகம் வந்தது (பெயர் வேண்டாம்). அதிரசத்துக்கு, ‘பச்சரிசி மாவு ஒரு கிலோ, வெல்லம் முக்கால் கிலோ, பாகு காய்ச்சிக் கொட்டிக் கிளறவும்’ என்றது. அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்த மாவு வேண்டும் என்று சொல்லவில்லை. பாகைத் தண்ணீரில் விட்டால் கையில் உருள வேண்டும் என்றும் சொல்லவில்லை. சரி என்று கடையில் வாங்கிய காய்ந்த மாவைப் போட்டேன். வெல்லம் கரைந்து கொதித்ததும் இறக்கினேன். எண்ணெயில் விழுந்த முதல் அதிரசம் விளிம்பிலிருந்து பிரிய ஆரம்பித்தது. ஜல்லிக்கரண்டியை எடுப்பதற்குள் நடுவும் போய், வாணலி முழுக்கப் பழுப்பு நுரை. புத்தகத்தில் படம் மட்டும் அருமை.

அம்மாவின் பழைய சமையல் புத்தகத்தில் ‘புளி ஒரு ரூபாய் எடை, துவரம்பருப்பு ஐந்து பலம்’ என்று இருக்கிறது. இதை வைத்துச் சமைக்க முடியுமா?
- வாசகர், திருநெல்வேலி

தாராளமாக. ரூபாய் எடை என்பது விலை இல்லை, அந்தக் கால வெள்ளி ரூபாயின் எடை. ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். மூன்று தோலா ஒரு பலம், 35 கிராம். அப்படியென்றால் உங்கள் பருப்பு 175 கிராம். நாற்பது பலம் ஒரு வீசை, 1.4 கிலோ. புளியை என் தராசில் நிறுத்துப் பார்த்தேன், சின்ன நெல்லிக்காய் அளவு வந்தது. நம் அம்மாக்கள் சொல்லும் அதே நெல்லிக்காய்தான்!

ஆழாக்கு வந்தால் மட்டும் ஜாக்கிரதை. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது சரி, ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. அரிசி, பருப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தால் அளந்துவிடுங்கள், விகிதம் கெடாது.

‘நான்கு விசில்’ என்று போட்டால் போதாதா?
- வாசகி, மதுரை

போதாது. என் சின்ன குக்கர் நான்கு விசிலை ஏழு நிமிடத்தில் ஊதிவிடும், பெரியது கால் மணி நேரம் எடுக்கும். ஒன்றில் பருப்பு நறுக்கென்று நிற்கும், இன்னொன்றில் கரைந்து போகும். எத்தனை லிட்டர் குக்கர், ஆவி வந்தபின் சிம்மில் எத்தனை நிமிடம் என்று எழுதுகிற புத்தகத்தைக் கண்டால் உடனே வாங்குங்கள். உப்பு ‘தேவையான அளவு’ இருக்கட்டும், மன்னிக்கலாம். தண்ணீரும் ‘தேவையான அளவு’ என்றால் புத்தகத்தை மூடிவிடுவேன்.

சொதப்பியதை யார் சாப்பிடுவார்கள்?
- வாசகர், சேலம்

வேறு யார், வீட்டுக்காரர்தான். மிஞ்சிய அதிரச மாவில் கொஞ்சம் கோதுமை மாவும் தண்ணீரும் விட்டுக் கரைத்து, பணியாரக் குழியில் ஊற்றிக் கொடுத்தேன். ஆறு சாப்பிட்டுவிட்டு, “இது எந்தப் புத்தகம்?” என்றார்.