ஊளையிடும் நாயும் உருகிய மெழுகும்

வீட்டுப் பிராணிகள், இசை, கொல்லைத் தோட்டம் பற்றிய வாசகர்களின் கேள்விகளுக்குத் திருவையாற்று வீணை ஆசிரியை ஒருவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: என் மகள் எட்டு மாதமாக வயலின் கற்கிறாள். அவள் வில்லை எடுத்ததும் எங்கள் நாய் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஊளையிடுகிறது. வீட்டுக்குள் நாய் ஊளையிடுவது ஆகாது, எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்கிறார் மாமியார். நாய் போனால் வயலினும் வேண்டாம் என்று மகள் அழுகிறாள். என்ன செய்வது?
(வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: அம்மா, நாயை எங்கும் கொண்டுபோய் விடாதீர்கள். வீட்டுச் சோற்றில் வளர்ந்த நாயை மற்றத் தெருநாய்கள் தங்கள் எல்லைக்குள் சேர்க்காது. கடிபட்டும் பட்டினி கிடந்தும் சாகும். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச எனக்கு மனம் வருகிறது.

ஊளை என்றால் அழுகை என்று நாம் எடுத்துக்கொண்டுவிட்டோம். தூரத்தில் இருக்கும் தன் கூட்டத்தைக் கூப்பிடும் குரல் அது. ஓநாய் வழியில் வந்த பழக்கம். அறுபடாமல் நீண்டு ஒலிக்கும் ஓசை எதுவானாலும் பல நாய்கள் அதற்குப் பதில் குரல் கொடுக்கும். ஆம்புலன்ஸ் சைரன், சங்கு, நாகஸ்வரம், முழு வில்லையும் இழுத்து வாசிக்கும் ஷட்ஜம் (ச) எல்லாம் அந்த வகைதான்.

எங்கள் வீட்டில் பதினான்கு வருடம் இருந்த செவலை, நான் வீணை வாசித்தால் திண்ணையில் சுருண்டு படுத்துத் தூங்கிவிடும். மீட்டிய தந்தியின் நாதம் சில நொடிகளில் அடங்கிவிடுகிறது அல்லவா? ஆனால் மாணவிகள் வந்து சுருதிப்பெட்டியைத் திறந்தால் போதும், எழுந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து, கண்ணைப் பாதி மூடி, தொண்டையை நீட்டும். ஒன்றை நான் பல நாள் கவனித்திருக்கிறேன். அது ஒருபோதும் பெட்டியின் சுருதியோடு சேராது. சற்று மேலோ கீழோ ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நிற்கும். ஓநாய்களும் கூட்டமாக ஊளையிடும்போது ஆளுக்கொரு சுருதியில்தான் நிற்குமாம். தியாகராஜர் ஆராதனை நாட்களில் காவிரிக் கரையிலிருந்து நாகஸ்வரம் காற்றில் வரும்போது, எங்கள் தெருவிலேயே முதல் பதில் செவலையுடையதாகத்தான் இருக்கும். அது போய் மூன்று வருடமாகிறது. இப்போதும் சுருதிப்பெட்டியைத் திறந்ததும் என் கண் வாசற்படிக்குப் போகிறது.

உங்கள் நாய் கூடச் சேர்ந்து பாடுகிறதா, தாங்க முடியாமல் கத்துகிறதா என்பதை நீங்கள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உடம்பு தளர்ந்து, தானாகவே வயலினை நோக்கி வந்தால் கவலை இல்லை. காதைப் பின்னுக்கு மடக்கி, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கி, கட்டிலுக்கு அடியில் நுழைந்தால் அதன் காது நோகிறது. நம் காதுக்குச் சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் எட்டும். நாய்க்குச் சுமார் 45,000 வரை எட்டும். மெல்லிய தந்தியில் வில் வழுக்கிக் கிறீச்சிடும்போது நமக்குக் கேட்காததும் அதற்குக் கேட்கிறது.

பயிற்சி நேரத்தில் நாயைக் கட்டிப்போடாதீர்கள். கதவு திறந்திருக்கட்டும், வேண்டாமென்றால் அது வெளியே போகட்டும். சாதகத்துக்கு முன்னால் ஒரு நடை கூட்டிப்போய் வாருங்கள். வயலினின் குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டில் பொருத்தினால் ஓசையைக் குறைக்கும் சிறு ரப்பர் மியூட் இசைக்கருவிக் கடைகளில் கிடைக்கிறது. சில வாரம் அதைப் போட்டு வாசிக்கலாம். "சும்மா இரு" என்று அதட்டினால் நாமும் சேர்ந்து குரல் கொடுக்கிறோம் என்றே அது நினைக்கும். வாயை மூடிய நொடியில் கழுத்தைத் தடவிக்கொடுங்கள்.

மாமியாரோடு வாதாட வேண்டாம். ஒரு சாயங்காலம் அவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். வில் நின்றதும் ஊளை நிற்பதை அவரே பார்க்கட்டும். நள்ளிரவில், ஏனென்று தெரியாமல் வரும் ஊளைதான் பெரியவர்களுக்குப் பயம். காரணம் கண்ணெதிரே இருக்கும்போது அந்தப் பயம் தானாகக் குறையும்.

கேள்வி: சர்க்கரைப் பொங்கல், பாயசம் மீந்தால் நாய்க்கு வைக்கலாமா?
(வாசகர், விருத்தாசலம்)

பதில்: வேண்டாம். அதில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யக்கூடியது. எத்தனை திராட்சை வரை ஆபத்தில்லை என்று கணக்கு கிடையாது. வெங்காயம், சாக்லேட்டும் கூடாது. ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: எங்கள் கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. குச்சியால் தொட்டேன், நகர்ந்தது! நிறைய இலைகளைத் தின்றுவிட்டது. பாட்டி மருந்து அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா?
(7ஆம் வகுப்பு மாணவன், காரைக்குடி)

பதில்: தம்பி, குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் போய் இன்னொரு முறை பார். அது கறுப்பு வண்ணத்துப்பூச்சி ஒன்றின் புழு. தாய்ப்பூச்சி கொழுந்து இலையில் கடுகளவு முட்டையை ஒன்றொன்றாக ஒட்டிவிட்டுப் போகும். பொரித்து வரும் புழு எச்சம் போல இருப்பதால் பறவைகள் அதைச் சீண்டுவதில்லை. தோல் உரித்து உரித்து வளர்ந்து, கடைசியில் இலையின் பச்சைக்கே மாறிவிடும். அப்போது அதன் தலைக்குப் பின்னால் மெல்லத் தொட்டால் சிவப்பாக, கவட்டை மாதிரி இரண்டு கொம்பு வெளியே நீளும். காட்டமான ஒரு வாசனையும் வரும். எறும்பையும் மற்ற எதிரிகளையும் விரட்ட அதனிடம் இருப்பது அவ்வளவுதான். ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பத் திரும்பத் தொட்டு அதைப் பயமுறுத்தாதே.

செடி சிறியதென்றால் இரண்டு புழுவை மட்டும் விட்டுவை. மற்றவற்றை இலையோடு கிள்ளி எலுமிச்சை அல்லது நாரத்தை மரத்தில் வைத்துவிடு, அங்கேயும் தின்னும். ஒன்றை அகன்ற கண்ணாடி ஜாடியில் வைத்து, வாயில் கொசுவலைத் துணி கட்டி, தினமும் புது இலையும் நிற்க ஒரு குச்சியும் கொடுத்தால், இடுப்பில் ஒற்றை நூல் கட்டிக்கொண்டு குச்சியில் சாய்ந்தபடி கூட்டுப்புழுவாவதைப் பார்ப்பாய். பெரும்பாலும் காலையில்தான் பூச்சி வெளியே வரும். கசங்கிய துணி மாதிரி இருக்கும் இறக்கை மெல்ல விரிந்து காயும்வரை அதைத் தொடவே கூடாது.

பாட்டியிடம் சொல்: ரசத்தில் போடும் இலைக்கு மருந்து வேண்டாம். புளித்த மோரைத் தண்ணீர் கலந்து வேரில் ஊற்றி, நுனியைக் கிள்ளிவிட்டால் புதுக்கிளை வெடிக்கும். புழு தின்ற செடி பொதுவாகச் செத்துப்போவதில்லை.

கேள்வி: காற்றில் விழுந்த தென்னை மரப் பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்றை எடுத்து வளர்க்கிறேன். எப்போது பேசும்? இறக்கையை வெட்டிவிடலாமா?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஐயா, காப்பாற்றியது நல்ல காரியம். ஆனால் இறக்கையை வெட்டாதீர்கள், கூண்டிலும் போடாதீர்கள். நம் நாட்டுக் கிளிகளை வீட்டில் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பக்கத்து வனத்துறை அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லி ஒப்படையுங்கள். பேச்சு வரவில்லையே என்று வருந்தவும் வேண்டாம். கிளி தன் கூட்டத்தின் குரலைக் கற்கப் பிறந்தது. கூட்டம் இல்லாத இடத்தில்தான் நம் சொல்லைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு அது கேட்கச் சகிக்காத பேச்சு. கொல்லையில் கொய்யாவை முழுவதும் பறிக்காமல் உச்சிக்கிளைப் பழங்களை விட்டுவையுங்கள். பட்டுப்போன தென்னை ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் வெட்டாமல் விடுங்கள். கிளிகள் தாமாக வரும்.

கேள்வி: அம்மாவின் தஞ்சாவூர் வீணை இருபது வருடமாகப் பரணில் இருந்தது. இறக்கிப் பார்த்தால் மெழுகு வெடித்து, மெட்டுகள் சாய்ந்து கிடக்கின்றன. இனி பயன்படுமா?
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: பயன்படும், கவலைப்படாதீர்கள். குடமும் (உருண்டையான அடிப்பாகம்) தண்டியும் (நீண்ட கழுத்து) பலாமரம். பிளவு இல்லையென்றால் மற்ற எல்லாவற்றையும் சரிசெய்யலாம். தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கும் 24 மெட்டுகளும் உட்கார்ந்திருப்பது தேன்மெழுகில் கரி கலந்த கலவையில். சூட்டில் இளகி மெட்டு அழுந்தும், காலம் போனால் காய்ந்து வெடிக்கும். என் முதல் வீணையைச் சித்திரைக் கத்திரி வெயிலில் தகரக்கொட்டகை அறையில் ஒரு வாரம் விட்டுவிட்டேன். திரும்பி வந்து மீட்டியபோது காந்தாரம் (க) இருந்த இடத்தில் காந்தாரம் இல்லை. அன்று அழுத அழுகை இன்னும் நினைவிருக்கிறது.

மெழுகைப் பழையபடி வைத்து மெட்டுகளைச் சுருதிக்கு நிறுத்துவதை மேளம் கட்டுவது என்பார்கள். நல்ல காது உள்ள தொழிலாளியிடம் மட்டும் கொடுங்கள். நீங்களே விளக்கில் காட்டி மெழுகை உருக்கிவிடாதீர்கள். அதுவரை ஏழு தந்திகளையும் தளர்த்தி, பருத்தித் துணியால் மூடி, வெயிலும் சமையலறைச் சூடும் படாத சுவரோரம் படுக்கவையுங்கள். பூனை இருந்தால் அறையைச் சாத்திவையுங்கள். குடத்தின் வளைவு அதற்குப் பிடித்த படுக்கை.

கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். விளக்கு வெளிச்சத்தில் வீணையைச் சாய்த்து ஒவ்வொரு மெட்டாகப் பாருங்கள். தந்தி அழுந்திய இடங்களில் வெண்கலத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருக்கும். அம்மா அதிகம் நின்ற ஸ்வரங்களில்தான் அது ஆழமாக இருக்கும். தொழிலாளி அரம் போட்டுத் தேய்த்தால் போய்விடும். அதற்குள் எந்தெந்த மெட்டு என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.