சரளைப் பாதையில் இரண்டு நாள்: ரோடு பைக் போதுமா?

கேள்வி: நான்கு ஆண்டுகளாக ரோடு பைக் (தார்ச்சாலைக்கான மெல்லிய டயர் சைக்கிள்) ஓட்டி வருகிறேன். மோட்டார் வாகனங்களுக்கு அனுமதியில்லாத சரளைப் பாதைகளிலேயே இரண்டு நாளில் 130 கி.மீ. செல்லத் திட்டமிட்டிருக்கிறேன். முதல் 55 கி.மீ. குன்றுகள், அதில் மொத்தம் 1,500 மீட்டர் ஏற்றம். மீதி 75 கி.மீ. ஓர் ஆற்றின் போக்கிலேயே பள்ளத்தாக்கில் இறங்குகிறது, அங்கே ஏற்றம் 400 மீட்டர்தான். என் எடை 72 கிலோ. சைக்கிளில் டிஸ்க் பிரேக், 28 மி.மீ. அகல டயர், முன் பற்சக்கரங்களில் 50, 34 பற்கள், பின்னால் 11 முதல் 28 வரை. ஃபிரேமில் 35 மி.மீ. டயர் வரை பொருந்தும் என்று தயாரிப்பாளர் குறிப்பிட்டிருக்கிறார். சரளைப் பாதைக்கென்றே செய்யப்படும் கிராவல் பைக் வாங்கித்தான் ஆகவேண்டுமா? நாளுக்கு 65 கி.மீ. என்று பிரித்திருப்பது சரியா?

பதில்: புதிய சைக்கிள் தேவையில்லை. டயரையும் பின்பக்க கேசட்டையும் (பின்சக்கரத்தின் பற்சக்கரத் தொகுதி) மாற்றினால் உங்களிடம் இருப்பதே இந்தப் பயணத்துக்குப் போதும். ஆனால் நாளுக்கு 65 கி.மீ. என்ற கணக்கை நீங்கள் மாற்றியே ஆகவேண்டும். என்னைக் கேட்டால், சைக்கிளைவிட அந்தக் கணக்குதான் உங்களை அதிகம் சோதிக்கும்.

முதலில் டயர். தார்ச்சாலையில் 28 மி.மீ. டயரை 75, 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் ஓட்டிப் பழகியவர்கள், அழுத்தம் குறைந்தால் வேகமும் குறையும் என்று நம்புகிறார்கள். சரளையில் நடப்பது நேர்மாறானது. கெட்டியாகக் காற்றடித்த டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் சைக்கிளையும் உங்களையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது, அந்தக் குலுக்கலில் நீங்கள் மிதித்த ஆற்றலின் ஒரு பகுதி முன்னே செல்லாமல் உங்கள் தசைகளில் வெப்பமாகக் கரைந்துபோகிறது. அகலமான, சற்று மென்மையான டயரோ கல்லைத் தன்மீது அமிழவிட்டுக் கடந்துவிடும். ஆகவே ஃபிரேம் இடம் கொடுக்கும் 35 மி.மீ. அளவையே பொருத்துங்கள். பொருத்தியபின் டயருக்கும் ஃபிரேமுக்கும் இடையே இருபுறமும் ஐந்து மி.மீ.யாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள், ஏனெனில் ஒரே அளவு அச்சிடப்பட்ட டயர்கூட ரிம்மின் அகலத்தைப் பொறுத்து விரியும், அந்த இடுக்கில் சேறும் கல்லும் சிக்கினால் ஃபிரேமைத் தேய்த்துவிடும். உங்கள் எடையுடன் சைக்கிளுக்குப் பத்து, பைகளுக்கு ஆறு சேர்த்தால் 88 கிலோ. இதற்கு டியூப்லெஸ் அமைப்பில் முன்சக்கரத்தில் 40, பின்சக்கரத்தில் 43 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். உள்ளே ட்யூப் இருந்தால் ஐந்து பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் ட்யூப் நசுங்கி இரட்டைத் துளை விழும். ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றது என்றால் அதற்கே மாறுவது நல்லது. முள், சிறு கல் குத்தும் துளைகளை உள்ளிருக்கும் சீலன்ட் என்ற திரவம் தானாகவே அடைத்துவிடும். ஆனால் அது சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதால், புறப்படுமுன் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது கியர். குன்றுப் பகுதிகளின் குணம், எந்த ஏற்றமும் நீளமாக இராது, ஆனால் ஒன்று முடிந்ததும் அடுத்தது நிற்கும். சரளையில் எழுந்து நின்று மிதித்தால் எடை முன்னே போய்ப் பின்சக்கரம் பிடிப்பிழந்து சுழலும். உட்கார்ந்தபடியே, பின்சக்கரத்தின் மீது எடையை வைத்து ஏற வேண்டும், அதற்குச் சிறிய கியர் வேண்டும். உங்களுடைய மிகச் சிறிய கியர் முன்னால் 34, பின்னால் 28. நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு சுமார் 9.5 கி.மீ. வேகம் வரும். 10 விழுக்காடு சரிவில் 88 கிலோவை அந்த வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 250 வாட் தேவை. பின்னால் 34 பற்கள் உள்ள கேசட் போட்டால் அதே 60 சுற்றில் 7.8 கி.மீ. வேகம், தேவை ஏறத்தாழ 205 வாட். ஒரே ஒரு ஏற்றத்தில் இந்த 45 வாட் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பதினைந்தாவது ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதா, ஏறுவதா என்பதை அதுவே தீர்மானிக்கும். வாங்குமுன் உங்கள் பின்பக்க டிரெய்லியர் (செயினை ஒரு பற்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பொறி) 34 பற்களை ஏற்குமா என்று அதன் விவரக்குறிப்பில் உறுதிசெய்யுங்கள். ஏற்றாலும் செயினைச் சில கண்ணிகள் நீட்ட வேண்டிவரும்.

இறக்கத்தில் ரோடு பைக் பழக்கங்களில் ஒன்றை விட்டாக வேண்டும். தார்ச்சாலையில் வளைவுக்குள் நுழைந்த பிறகும் பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கலாம். உதிரிச் சரளையில் சைக்கிள் சாய்ந்திருக்கும்போது முன்பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கிவிடும், பின்சக்கர வழுக்கலைப்போல அதைச் சமாளிக்க முடியாது. வேகத்தை வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக நிற்கும்போதே குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுங்கள். கைகள் ஹேண்டில்பாரின் கீழ்வளைவில், உடல் சற்றே பின்னே, வெளிப்பக்கக் கால் கீழே அழுத்தியிருக்க, பார்வை அருகிலுள்ள கல்லில் இல்லாமல் வளைவின் முடிவில் இருக்கட்டும். சரளை குவிந்திருக்கும் நடுமேட்டைத் தவிர்த்து, சக்கரங்கள் ஓடி அழுந்திய தடத்திலேயே செல்லுங்கள். ஆற்றோரத்தில் வேறு வகை ஆபத்து: ஈரமான மரப்பாலங்களும் வேர்களும். அவற்றைத் திருப்பாமல், பிரேக் பிடிக்காமல் நேர்கோட்டில் கடக்க வேண்டும்.

இனி நாட்கணக்கு. முதல் பகுதியில் ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 27 மீட்டர் ஏற்றம், இரண்டாவதில் ஐந்தரை மீட்டர்கூட இல்லை. சுமையுடன் குன்றுகளில் மணிக்கு 12 கி.மீ. வேகத்தையே எதிர்பாருங்கள், பள்ளத்தாக்கில் 17 வரலாம். அப்படியானால் 55 கி.மீ.க்கு நான்கரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், 75 கி.மீ.க்கு அதைவிடச் சற்று குறைவு. தூரம் சமமில்லாவிட்டாலும் உழைக்கும் நேரம் கிட்டத்தட்ட சமம். எனவே குன்றுகள் முடியும் இடத்தில் முதல் நாளை முடித்துக்கொள்ளுங்கள், களைத்த உடலுடன் இன்னொரு பத்து கிலோமீட்டர் தேவையில்லை.

இரண்டாம் நாள் விடிந்ததும் புறப்படுங்கள். தெளிந்த வானிலையில் பகல் வெயில் சரிவுகளைச் சூடாக்க, காற்று பள்ளத்தாக்கின் கீழிருந்து மேல்நோக்கி வீசும், பிற்பகலில் அது வலுவாக இருக்கும். ஆற்றின் போக்கில் இறங்கும் உங்களுக்கு அது எதிர்க்காற்று. இரவில் இதன் திசை தலைகீழாகும், அதிகாலையில் அந்த மெல்லிய கீழ்க்காற்று சற்றே உதவக்கூடும்.

பள்ளத்தாக்குப் பாதை பழைய ரயில் தடமாக இருந்தால் அதற்கென ஒரு தொல்லை உண்டு. நீராவி ரயில்களால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் அத்தடங்கள் மிக மென்மையான சரிவில் அமைக்கப்பட்டவை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கையும் கம்பர்லாந்தையும் இணைக்கும், பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பிய, சுமார் 240 கி.மீ. நீளமுள்ள கிரேட் அலிகேனி பாசேஜ் என்ற அத்தகைய பாதை மலைத்தொடரையே கடந்தாலும், அதில் சரிவு 2 விழுக்காட்டை எட்டுவதே அரிது. எளிது என்று தோன்றும். ஆனால் மிதிக்காமல் உருள இறக்கமும் இல்லை, எழுந்து நிற்க ஏற்றமும் இல்லை, மணிக்கணக்கில் ஒரே நிலையில் அமர்ந்திருப்பதால் பிட்டமும் உள்ளங்கைகளும் வலிக்கத் தொடங்கும். பத்து நிமிடத்துக்கொரு முறை வேண்டுமென்றே எழுந்து நின்று சிறிது தூரம் மிதியுங்கள், கைப்பிடியை மாற்றுங்கள்.

பாதையின் தரத்தை முன்கூட்டியே அறிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடம் உதவும். அதில் மண்பாதைகள் ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரிக்கப்பட்டிருக்கும், ஒன்று கெட்டியானது, ஐந்து மிருதுவானது. நான்கும் ஐந்தும் உங்கள் 35 மி.மீ. டயருக்கு உகந்தவை அல்ல, மழைக்குப் பிறகு அறவே வேண்டாம். நடப்போரும் குதிரையேறுவோரும் அதே பாதையில் வருவார்கள் என்பதால் மணி ஒன்று கட்டாயம். குதிரையை முந்துமுன் குரல் கொடுத்து, வேகத்தைக் குறைத்து, விலகிச் செல்லுங்கள்.

வாகனமில்லாப் பாதையில் வண்டிச் சத்தம் இராது, ஆனால் பழுதானால் ஏற்றிச் செல்லவும் வண்டி வராது. பள்ளத்தாக்குகளில் அலைபேசிச் சமிக்ஞையும் பலவீனமாக இருக்கக்கூடும். பாதை எந்தெந்த இடங்களில் பொதுச்சாலையைக் குறுக்கிடுகிறது என்று வரைபடத்தில் குறித்து, அதை இணையமின்றியும் திறக்கும்படி சேமித்துக்கொள்ளுங்கள். உபரி ட்யூப் இரண்டு, டியூப்லெஸ் அடைப்பு நாடா, கைப்பம்பு, செயின் கட்டருடன் கூடிய பல்கருவி, செயின் இணைப்புக் கண்ணி ஆகியவற்றுடன், டிரெய்லியரை ஃபிரேமுடன் பிணைக்கும், பலரும் மறந்துவிடும் டிரெய்லியர் ஹேங்கர் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி வடிவம் கொண்டது என்பதால் வழியில் கிடைப்பது கடினம், இப்போதே வாங்கிவிடுங்கள்.