மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்களில் உங்களை நெடுநாள் யோசிக்க வைத்தவர் யார், ஏன்?

கலிபோர்னியா மாநிலச் சட்டமன்றத்தில் 1992 முதல் 2004 வரை இடம்பெற்றிருந்த வில்லியம் ஜே. நைட். 'பீட்' நைட் என்றால்தான் பலருக்கும் தெரியும். குடியரசுக் கட்சியின் உறுதியான பழமைவாதி. அவருடைய கொள்கைகளில் முக்கியமான ஒன்றை நான் முற்றிலும் மறுப்பவன். ஆனாலும், ஒரு பழமைவாத அரசியல்வாதி எங்கிருந்து உருவாகிறார் என்று யாராவது கேட்டால், இவருடைய வாழ்க்கையைத்தான் படிக்கச் சொல்வேன்.

நான் அவரை அறிந்தது அரசியல் வழியாக அல்ல, விமானங்களின் மீதிருந்த ஈடுபாட்டினால். 1967 அக்டோபர் 3 அன்று, எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானத்தை மணிக்கு ஏறத்தாழ 7,274 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது ஒலியின் வேகத்தைப்போல் 6.7 மடங்கில் ஓட்டியவர் அவர். மனிதர் ஓட்டிய சிறகுள்ள விமானங்களில், விண்வெளியிலிருந்து திரும்பும் ஓடங்களைத் தவிர்த்தால், அந்த வேகத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. வெப்பத்தைத் தாங்குவதற்காக விமானத்தின் மேல் தனிப் பூச்சு பூசியிருந்தும், அடிப்புறத் துடுப்பில் ஓட்டை விழுமளவுக்கு அது எரிந்திருந்தது. அந்த விமானம் அதன் பிறகு பறக்கவே இல்லை.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் நடந்ததுதான் அவருடைய இயல்பை எனக்கு நன்றாகக் காட்டியது. ஜூன் 29 அன்று, 1,07,000 அடி உயரத்தில் மேலேறிக்கொண்டிருந்தபோது எக்ஸ்-15இன் மின்சாரம் முழுவதும் அற்றுப்போனது. எஞ்சின் நின்றது, கருவிகள் அணைந்தன, தரையோடு பேசவும் வழியில்லை. ஏறிய வேகத்திலேயே விமானம் 1,73,000 அடி வரை சென்று கீழே திரும்ப, அவர் கண்ணால் பார்த்தே வழியைக் கணித்து, நெவாடாவின் வறண்ட ஏரிப் படுகை ஒன்றில் இறக்கினார். வெளியே குதித்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வியட்நாமில் 253 போர்ப் பறப்புகளை முடித்ததும் இதே மனிதர்தான்.

1982இல் விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்றதும், எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்திற்கு அருகிலுள்ள பாம்டேல் நகர அரசியலில் இறங்கினார். 1984இல் நகர மன்ற உறுப்பினர். 1988இல் அந்நகர மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர். பாலைவனத்தின் விளிம்பில் இருக்கும் அந்தப் பகுதியில் ராணுவத் தளமும் விமானத் தொழிற்சாலைகளும்தான் வாழ்வாதாரம். அப்படிப்பட்ட ஊரில் அவர் வேட்பாளராக நின்றபோது வாக்காளர்கள் கண்டது கட்சிக்காரரை அல்ல, தங்கள் வானத்தில் பறந்தவரை என்றே நான் நினைக்கிறேன். 1992இல் மாநிலக் கீழவைக்கும், 1996இல் மாநில செனட்டுக்கும் சென்றார்.

1993இல் மெக்சிகோவிலிருந்து வந்த குடியேறிகளை இழிவுபடுத்தும் பாட்டு ஒன்றைச் சக உறுப்பினர்களிடையே சுற்றுக்கு விட்டு, கடும் கண்டனத்துக்கு ஆளானார். அவரை மதிப்பவர்களும் இதை மறைக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆனால், அவர் பெயர் மாநிலம் முழுவதும் பரவியது தன்பாலினத் திருமணத்தை எதிர்த்ததால்தான். அமெரிக்காவில் திருமணச் சட்டம் பெரும்பாலும் மாநிலங்களின் கையில் இருப்பதால், ஒரு மாநிலம் நடத்தி வைக்கும் திருமணத்தை இன்னொரு மாநிலம் ஏற்க வேண்டுமா என்ற கேள்வி 1990களில், ஹவாயில் நடந்த வழக்கை ஒட்டி, பெரிதாக எழுந்தது. கலிபோர்னியா ஏற்கக் கூடாது என்று அவர் கொண்டுவந்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறவில்லை. எனவே, சட்ட முன்மொழிவை மக்களே வாக்களித்து நிறைவேற்றும் வாக்கெடுப்பு முறையின் வழியாக, நேராக மக்களிடமே சென்றார். ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலான திருமணம் மட்டுமே செல்லும் என்று ஒரே வாக்கியத்தில் சொன்ன 22ஆம் முன்மொழிவு, 2000 மார்ச்சில் 61 சதவீத வாக்குகளுடன் வென்றது.

அவருடைய மகன்களில் ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்பதுதான் இதில் என்னை உலுக்கும் செய்தி. தந்தையைப் போலவே விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர். வளைகுடாப் போரில் பணியாற்றியவர். 1996இல் தந்தையிடம் உண்மையைச் சொன்ன பின் உறவு முறிந்துபோனதாக, வாக்கெடுப்புக்கு முன்பே நாளிதழ் ஒன்றில் வெளிப்படையாக எழுதினார். குடும்பத்துக்குள் இருக்க வேண்டியதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது வருந்தத்தக்கது என்றும், மகன் மீது தமக்கு ஆழ்ந்த அக்கறை உண்டு என்றும் சொன்னதோடு நைட் நிறுத்திக்கொண்டார். வாக்குக்காக நடிக்கும் அரசியல்வாதி அவ்வளவு விலை கொடுக்க மாட்டார். ஆகவே அவர் தம் கொள்கையை மனதார நம்பினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தம் வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கையை மாநிலத்தின் சட்டத்தால் மறுத்தார் என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

2004 மார்ச்சில், அந்தச் சட்டத்தை மீறி நகர நிர்வாகமே தன்பாலினத் திருமணங்களை நடத்திவந்த சான் பிரான்சிஸ்கோவில், அந்த மகன் தம் துணைவரை மணந்தார். மே 7 அன்று, ரத்தப் புற்றுநோயால் நைட் காலமானார். சான் பிரான்சிஸ்கோ நகரம் நடத்திய அந்தத் திருமணங்கள் எதுவும் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2008 மே மாதம், 22ஆம் முன்மொழிவையே அதே நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் ரத்து செய்தது. அந்த ஆண்டு நவம்பரில், இன்னொரு மகனான ஸ்டீவ் நைட் தந்தையின் பகுதியிலிருந்தே குடியரசுக் கட்சி சார்பில் மாநிலக் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.