யூரோட்ராஷ் என்றால் குப்பையா?

வெள்ளவத்தை வாசகி ஒருவர் கேட்கிறார்: “நியூயோர்க் இரவு வாழ்க்கை பற்றிய கட்டுரையைத் தமிழாக்குகிறேன். ஜெட் செட், யூரோட்ராஷ், எக்ஸ்பாட் மூன்றுக்கும் ‘வெளிநாட்டுப் பணக்காரர்’ என்றே போட்டேன். ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். என்ன செய்வது?”

ஆசிரியர் செய்தது நியாயம்தான். மூன்று சொல்லும் ஒரே ஆளைக்கூடச் சுட்டலாம். சொல்பவர் எங்கே நின்று பார்க்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

ஜெட் செட் அண்ணாந்து பார்க்கும் சொல். 1952 இல் பயணிகள் ஜெட் சேவை தொடங்கியது. (அந்த ஆண்டே லண்டனிலிருந்து கொமெட் விமானம் கொழும்புக்கும் வந்துவிட்டது.) விருந்துக்கு விருந்து பறந்தவர்களுக்குக் கிசுகிசுப் பத்தியாளர்கள் பரப்பிய பெயர் இது. ‘பறக்கும் சீமான்கள்’ போதும்.

யூரோட்ராஷில்தான் கவனம் வேண்டும். ‘ஐரோப்பியக் குப்பை’ என்று எழுதிவிடாதீர்கள். பிரித்தானியக் கழிவுக் கொள்கலன்களை 2022 வரை திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த துறைமுகம் நம்முடையது. வாசகர் அதைத்தான் நினைப்பார். அமெரிக்காவில் ஏழை வெள்ளையரை இழிவுபடுத்தும் ‘வைட் ட்ராஷ்’ என்ற வசையை எடுத்து, பரம்பரைப் பணமும் பட்டமும் உள்ள ஐரோப்பியர் தலையில் கவிழ்த்தார்கள். நக்கலே அதில்தான். இத்தாலியில் ஆட்கடத்தலுக்குப் பயந்தவர்கள், பிரான்சில் 1981 இல் சோசலிசக் கட்சியின் மித்தரோன் ஜனாதிபதித் தேர்தலில் வென்றதும் வரிக்குப் பயந்தவர்கள் என்று நியூயோர்க்கில் வந்து சேர்ந்த கூட்டம் அது. காலுறை போடாமல் லோபர் சப்பாத்து, மார்பு தெரியும் பட்டுச் சட்டை, தோளில் முடிந்த ஸ்வெட்டர், கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம். என்ன வேலை என்று கேட்டால் பதில் வராது. நம்மிடம் இதற்கு அச்சொட்டாக ஒரு சொல் உண்டே, மைனர்! ‘ஐரோப்பிய மைனர் கூட்டம்’ என்று போடுங்கள். வெறும் ‘மைனர்கள்’ என்றால் வயது குறைந்தவர்கள் என்று குழப்பம் வரும், அதுவும் இரவு விடுதிக் கட்டுரையில்.

எக்ஸ்பாட், ‘பிறநாட்டில் வசிப்பவர்’ என்ற சாதுவான சொல் போலத் தெரியும். ஆனால் பாருங்கள், கொழும்பு ஹோட்டலுக்கு முகாமையாளராக வரும் ஆங்கிலேயர் எக்ஸ்பாட். டோஹா ஹோட்டலில் அறை துப்புரவாக்கப் போகும் நம் பிள்ளை ‘வெளிநாட்டு வேலைக்குப் போனவர்’. இருவருமே ஒப்பந்தத்தில் கடல் தாண்டியவர்கள். ‘வெளிநாட்டு அதிகாரிகள்’ என்றால் அந்தத் தோரணை ஓரளவு வரும்.

அப்புறம், யூரோட்ராஷ் என்று தங்களையே சொல்லிச் சிரிப்பவர்களும் உண்டு. கட்டுரையில் அப்படி ஒரு இடம் இருந்தால் ‘நாங்கள் மைனர் கோஷ்டி’ என்று எழுதுங்கள், வசை கேலியாகிவிடும்.