குழந்தைகளோடு கென்யக் கடற்கரையில் தன்னார்வப் பணி: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி: எங்களுக்கு 6 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள். சென்னைக் கோடை விடுமுறையில் ஒரு மாதம் கென்யாவின் மொம்பாசா பக்கம் தங்கி, ஓர் அனாதை இல்லத்தில் குடும்பமாக உதவ ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: போகலாம். ஆனால் அனாதை இல்லம், கோடை விடுமுறை இரண்டையும் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் இல்லம். புதிய குழந்தைகள் இல்லங்களைப் பதிவு செய்வதை கென்ய அரசு 2017 நவம்பரில் நிறுத்தி வைத்தது. 2022-இல் புதிய குழந்தைகள் சட்டம் வந்தது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளைக் குடும்பங்களுக்கே திருப்பி அனுப்பும் பத்தாண்டுத் திட்டமும் அந்த ஆண்டுக் கணக்கில்தான் தொடங்குகிறது. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ, இல்லாவிட்டால் நெருங்கிய உறவோ உயிரோடு இருக்கிறது. வறுமையும் பள்ளிச் செலவும்தான் அவர்களை அங்கே கொண்டுவந்து விடுகின்றன. சுற்றுலா ஊர்களில் இதில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொள்கிறது: பார்க்க வருகிறவர்கள் நன்கொடை தருகிறார்கள், நன்கொடை தொடர்ந்து வர வேண்டுமானால் கட்டில்கள் காலியாக இருக்கக் கூடாது. நான்கு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால், ஒட்டுவதும் பிரிவதுமாகவே அந்தப் பிள்ளையின் வயது கழியும். உங்கள் பிள்ளைகளும் அவர்களைக் காட்சிப் பொருளாகப் பார்க்கத்தான் பழகுவார்கள்.

பள்ளியில் ஒரு மாதம் பாடம் எடுப்பதும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் வேலை கிடைக்காமல் காத்திருக்கிறார்கள்.

எந்த வேலையானாலும் பிள்ளைகளோடு பழகும் வாய்ப்பு இருந்தால், அமைப்பு உங்களைச் சோதிக்கிறதா என்று பாருங்கள். காவல்துறைத் தடையின்மைச் சான்று (பாஸ்போர்ட் சேவா வழியாக வாங்கலாம்), இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், எழுத்தில் ஒரு குழந்தைப் பாதுகாப்பு விதிமுறை, படம் எடுப்பதற்குக் கட்டுப்பாடு எல்லாம் கேட்க வேண்டும். இந்தக் கடற்கரையில் வெளிநாட்டவரால் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளான வரலாறு உண்டு. எதையுமே கேட்காமல் ‘வாங்க வாங்க’ என்று உள்ளே விடுகிற இடம், யாரையும் அப்படித்தான் விடும்.

குறுகிய காலம் தங்குகிற குடும்பத்துக்குப் பொருந்துவது கடலும் காடும் சார்ந்த வேலை. அங்கே நீங்கள் போய்விட்டால் யாரும் ஏங்க மாட்டார்கள். மொம்பாசாவிலிருந்து வடக்கே சுமார் 110 கிலோமீட்டரில் வட்டாமு இருக்கிறது. அங்குள்ள லோக்கல் ஓஷன் கன்சர்வேஷன் என்ற அமைப்பு 1997 முதல் கடலாமைப் பணி செய்கிறது. வலையில் ஆமை சிக்கினால் மீனவர் தகவல் சொல்வார். பணியாளர்கள் போய் எடுத்து, அளந்து, அடையாளத் தகடு போட்டுக் கடலில் விடுவார்கள், அடிபட்டிருந்தால் சிகிச்சைக்குக் கொண்டுவருவார்கள். பேராமையும் அழுங்காமையும்தான் அதிகம் வரும். அதே ஊரில் அ ரோச்சா கென்யா என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது: பறவைகளுக்கு வளையமிட்டுக் கணக்கெடுப்பது, அரபுக்கோ-சொகோக்கே காட்டைக் காப்பது, காட்டோரப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி. தெற்கே குவாலே மாவட்டத்தின் காஸி விரிகுடாவில் மிகோகோ பமோஜா என்ற ஊர்மக்கள் திட்டம் நடக்கிறது. அலையாத்திக் காட்டைக் காத்து, அதன் கார்பன் வரவை (மரங்கள் உள்வாங்கும் கரியமில வாயுவின் கணக்கை) விற்று, வரும் பணத்தை ஊர்த் தண்ணீருக்கும் பள்ளிக்கும் செலவிடுகிறார்கள்.

11 வயதுப் பிள்ளைக்கு அலையாத்தி நடவு நல்ல வேலை. மரம் நம் பிச்சாவரத்தில் இருக்கும் அதே சுரபுன்னைதான். கிளையிலேயே முளைத்துத் தொங்கும் நீண்ட முளைக்காயை எடுத்து, கூரான முனை கீழே இருக்கும்படி மூன்றில் ஒரு பங்கு சேற்றில் செருக வேண்டும், ஒரு மீட்டர் இடைவெளியில். முற்றிய காயின் தலைப்பக்கம் மஞ்சள் வளையம் தெரியும். அது இல்லாதது பிஞ்சு, நட்டாலும் பிழைக்காது. தலைகீழாக நடுவது அடுத்த தவறு. எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு இடம்தான்: வெட்டவெளியாகக் கிடக்கிறதே என்று எப்போதும் தண்ணீர் நிற்கும் தாழ்வான சேற்றுத் திட்டில் நட்டால் மூழ்கியும், கொட்டலசு எனும் ஓட்டுயிரி ஒட்டியும், அலை பிடுங்கியும் போகும். ஆகவே ‘இத்தனை ஆயிரம் கன்று நட்டோம்’ என்று விளம்பரம் செய்கிறவர்களிடம், போன ஆண்டு நட்டதில் எத்தனை நிற்கிறது என்று கேளுங்கள்.

பல அமைப்புகள் 18 வயது நிரம்பியவர்களையே தன்னார்வலராகப் பதிவு செய்யும். ‘பிள்ளைகளும் வரலாமா’ என்று பொதுவாகக் கேட்காமல், எந்தெந்த வேலைக்கு எந்த வயது என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள். நடைமுறையில் ஒத்துவருவது இப்படி: பெற்றோரில் ஒருவர் முழு வேலை, மற்றவர் பிள்ளைகளோடு காலை ஏழிலிருந்து பத்து மணி வரை சேரும் அரை வேலை. அதற்கு மேல் வெயிலில் 6 வயது தாங்காது. கரையோரக் குப்பை பொறுக்கப் போனால் தடித்த கையுறையும் மூடிய செருப்பும் வேண்டும். கண்ணாடித் துண்டையும் ஊசியையும் பெரியவர்கள்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து நாள்காட்டி. தமிழ்நாட்டின் ஏப்ரல், மே அங்கே பெருமழைக் காலம். ஏப்ரலில் பள்ளிகளும் பெரும்பாலும் விடுமுறை. செம்மண் சாலைகள் சேறாகும், கடல் கலங்கும், தென்கிழக்குக் காற்று கடற்பாசியைக் கரையில் குவிக்கும், பல விடுதிகள் மே மாதத்தில் மூடிவிடும், மழையின் பின்னாலேயே கொசு பெருகும். டிசம்பர் பின்பாதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை வடகிழக்குக் காற்றில் கடல் தெளிந்திருக்கும், வெயில் கடுமை. ஜூலை முதல் செப்டம்பர் வரை காற்று அதிகம் என்றாலும் வெப்பம் குறைவு. பள்ளியில் கேட்டு அரையாண்டு விடுமுறையோடு ஜனவரியில் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்வது, மே மாதத்தில் முழு ஒரு மாதம் போவதைவிட மேல் என்பேன்.

நுழைவு அனுமதி: 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் மின்னணுப் பயண அனுமதி. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் தனி விண்ணப்பம். இது சுற்றுலா போன்ற குறுகிய வருகைகளுக்குத்தான், வேலைக்கு அல்ல. சம்பளம் இல்லாவிட்டாலும் தன்னார்வப் பணிக்குத் தனி அனுமதி வேண்டும். குறுகிய காலத்துக்குச் சிறப்பு அனுமதிச் சீட்டு, நீண்ட காலத்துக்கு அறப்பணிக்கான ஐ வகை உரிமம். இரண்டுக்கும் வழிகாட்ட வேண்டியது உங்களை அழைக்கும் அமைப்பு. ‘டூரிஸ்ட் என்று சொல்லி வந்துவிடுங்கள், ஏர்போர்ட்டில் வாயைத் திறக்காதீர்கள்’ என்கிற அமைப்பை அத்தோடு விட்டுவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு பயணம் செய்தால் பிறப்புச் சான்றும், மற்றவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும்.

தடுப்பூசியில் பலர் தவறவிடுவது மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யக் கடற்கரை மாவட்டங்களில் அந்த நோயின் ஆபத்து குறைவுதான். ஆனால் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில்தான் என்பதால் முன்பதிவு செய்யுங்கள். தட்டம்மை ஊசி பாக்கி இருந்தால் இரண்டையும் ஒரே நாளில் போடலாம், இல்லாவிட்டால் நான்கு வார இடைவெளி வேண்டும். முட்டை ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, வெறிநாய்க்கடி முன்தடுப்பு மூன்றையும் மருத்துவரிடம் பேசுங்கள். நாயைத் தடவப் போவது பிள்ளைகள்தானே.

மலேரியா இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. ஃபால்சிபாரம் வகை, மூளையைத் தாக்கக்கூடியது. பழைய மலேரியா மருந்தான குளோரோகுயின் பயனில்லை. பிள்ளைகளுக்கு அதிகம் எழுதித் தரும் தடுப்பு மாத்திரை அட்டோவகுவோன்–புரோகுவானில்: புறப்படுவதற்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, தினமும் ஒரே நேரத்தில், திரும்பிய பிறகு ஏழு நாள் வரை. எடைக் கணக்கு இப்படி: 10 முதல் 20 கிலோ வரை குழந்தை மாத்திரை ஒன்று, 30 கிலோ வரை இரண்டு, 40 கிலோ வரை மூன்று, அதற்கு மேல் பெரியவர் மாத்திரை ஒன்று. பாலோடோ கொழுப்புள்ள உணவோடோ கொடுத்தால்தான் உடலில் சேரும். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். எல்லா மருந்துக்கடையிலும் இருக்காது, அதனால் ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் 8 வயதுக்குக் கீழே வேண்டாம். உங்கள் சின்னவருக்கு அது ஒத்துவராது. மாத்திரை சாப்பிட்டாலும் மாலை ஆறு மணிக்கு மேல் முழுக்கை, முழுக்கால் உடை, கொசு விரட்டும் 20–30 சதவீத டீட் பூச்சு, மருந்து தோய்த்த கொசுவலை மூன்றும் வேண்டும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும். அதற்கு மாத்திரை கிடையாது.

கரையில் கவனிக்க வேண்டியது ஏற்றவற்றம். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல்மட்டம் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். வற்றும்போது பவளத்திட்டு வரை நடந்தே போகலாம், அதுதான் பொறி: தண்ணீர் திரும்பும்போது உங்களுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள பள்ளம் முதலில் நிரம்பும். ஏற்றவற்ற அட்டவணை பார்த்து, மிகத் தாழ்ந்த நேரத்துக்கு முன்பே கரைக்குத் திரும்பத் தொடங்குங்கள். ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி இல்லாமல் இறங்கினால் கடல் முள்ளெலி குத்தும். மணல், மண்தரை வீடுகளில் வெறுங்காலோடு திரிந்தால் ஃபுன்ஸா எனும் தெள்ளுப்பூச்சி நகக்கண்ணில் புகுந்து முட்டை வைக்கும். நடுவில் கரும்புள்ளியோடு வெள்ளையாக வீங்கினால் நீங்களே கிள்ளாமல், சுத்தமான ஊசியோடு மருத்துவ நிலையத்தில் எடுக்கச் சொல்லுங்கள். தினமும் இரவு பிள்ளைகளின் கால்விரலைப் பார்த்துவிட்டால் போதும்.

போக்குவரத்து: மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் உண்டு. அங்கிருந்து 2017-இல் தொடங்கிய மடராக்கா விரைவு ரயிலில் மொம்பாசாவுக்கு ஐந்து, ஆறு மணி நேரம். இரண்டு நிலையங்களுமே நகருக்கு வெளியே. மட்டாட்டு எனும் ஷேர் வேன்களில் பிள்ளைகளுக்கு இருக்கைப் பட்டை இருக்காது, அதனால் 6 வயதுக்கு ஒரு பூஸ்டர் இருக்கையை ஊரிலிருந்தே கொண்டுபோய் டாக்ஸியில் வைத்துக்கொள்ளுங்கள். தெற்குக் கரைக்கு, கார்களையும் ஏற்றிச் செல்லும் லிக்கோனி படகில் போனால் பிள்ளைகளைக் காரிலிருந்து இறக்கி நிற்க வையுங்கள். 2019-இல் ஒரு கார் பின்னோக்கி உருண்டு கடலில் விழுந்து தாயும் மகளும் இறந்தார்கள். லாமு தீவுக்குத் தரைவழியாகப் போக வேண்டாம். சோமாலியா எல்லைப் பக்கம் தாக்குதல் ஆபத்து உண்டு.

பெட்டி கட்டும்போது நம் பழக்கப்படி துணிகளை கேரி பேக்கில் சுற்றாதீர்கள். 2017 ஆகஸ்ட் முதல் அங்கே தடை, விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். மூன்று பட்டை முள் பிளக் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்க்காரர் மணி சொன்னால் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்: சூரிய உதயத்திலிருந்து எண்ணும் சுவாஹிலிக் கணக்கில் அவர்களது இரண்டு மணி நம் காலை எட்டு. பழைய மொம்பாசாவிலும் லாமுவிலும் தோளும் முழங்காலும் மூடிய உடை. பெரியவர்களைக் கண்டால் ‘ஷிகமோ’ என்று பிள்ளைகளைச் சொல்லவையுங்கள், அதற்கு அங்கே நல்ல மரியாதை. தெருவில் மிட்டாய், பேனா, காசு கொடுக்க வேண்டாம்; பள்ளியை விட்டுச் சுற்றுலாப் பயணி பின்னால் ஓடுவது அப்படித்தான் தொடங்குகிறது. சாப்பாட்டில் கவலையில்லை: தேங்காய்ப்பால் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த பீன்ஸ், சப்பாத்தி எல்லா ஊரிலும் கிடைக்கும். காரம் மட்டும் குறைவு.

திரும்பிய பிறகு மூன்று மாதத்துக்குள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தாலும், அன்றைக்கே மலேரியா இரத்தப் பரிசோதனை. சென்னையில் மருத்துவர் முதலில் டெங்கு என்றுதான் நினைப்பார். கென்யா போய் வந்ததை நீங்களே முந்திச் சொல்லுங்கள். முதல் சோதனையில் இல்லை என்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுக்கச் சொல்லுங்கள்.