எலியாவின் கைக்குத் தண்ணீர் வார்த்தவன்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். திருமங்கலம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். 11 வருஷமாக ஒரு சபையில் பாஸ்டருக்கு உதவியாக இருக்கிறேன். பாய் விரிப்பது, மைக் கட்டுவது, வேன் ஓட்டுவது, ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, கிராமத்து ஜெபக்கூட்டம் எல்லாம் என் பொறுப்பு. "எனக்கப்புறம் நீதான்" என்று பாஸ்டர் பலமுறை சொல்லியிருக்கிறார். போன மாதம் ஆராதனை முடிந்ததும், வேதாகமக் கல்லூரி முடித்து வந்த தன் மகனை மேடைக்குக் கூப்பிட்டு, "இனிமே இவர்தான் உங்க பாஸ்டர்" என்றார். நான் மைக் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். 20 குடும்பம் என்னோடு வரத் தயார். ஜெபக்கூட்டத்துக்கு என் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும் பத்தாம் வகுப்புப் பையன்கூட, "நாம போயிருவோம்ணே" என்கிறான். தனியாக ஆரம்பிக்கலாமா?

உங்கள் தம்பி

அன்புள்ள தம்பி,

மைக் பக்கத்தில் நின்றதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத் தாண்ட எனக்கு நேரமாயிற்று. உங்களுக்கு நடந்தது அநியாயம். மனசு மாறியிருந்தால் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

மகன் என்பதாலேயே ஒருவர் ஊழியத்துக்கு ஆகாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஓர் என்னும் மலையில் ஆரோனின் உடையைக் கழற்றி அவர் மகன் எலெயாசாருக்குத்தான் உடுத்தினார்கள். ஆனால் அது ஆசாரியப் பட்டம். ஜனத்தை நடத்தும் பொறுப்பு என்று வந்தபோது, கெர்சோம், எலியேசர் என்று இரண்டு மகன்கள் இருந்தும் மோசே கை வைத்தது யோசுவாவின் மேல். அதுவும் சபையார் எல்லாருக்கும் முன்பாக. சாமுவேல் தன் மகன்களை நியாயாதிபதிகளாக வைத்தார். அவர்கள் பரிதானம், அதாவது லஞ்சம் வாங்கினார்கள், ஜனங்கள் ராஜா கேட்கக் கிளம்பினார்கள். ஆசாரியர் ஏலியின் வீட்டில் அவர் மகன்கள் கெட்டுப்போனதைச் சிறுவயதிலேயே கண்ணால் பார்த்தவர் சாமுவேல். அவருக்கே பிள்ளைப் பாசம் கண்ணை மறைத்துவிட்டது.

இனி உங்களிடம். மூன்று ராஜாக்கள் தண்ணீரில்லாமல் தவிக்கிறார்கள். அவர்களில் ஒருவர், இங்கே தீர்க்கதரிசி யாருமில்லையா என்று கேட்கிறார். தீர்க்கதரிசி எலியாவுக்குப் பின் அவர் இடத்துக்கு வந்த சீடன் எலிசாவை ஒருவன் அறிமுகப்படுத்துகிறான். எப்படி? எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்று. அதற்குள் எலிசா சால்வையால் யோர்தானை அடித்துப் பிளந்தாயிற்று, எரிகோவின் கெட்ட தண்ணீரை நல்லதாக்கியாயிற்று. அதையெல்லாம் அவன் சொல்லவில்லை.

இந்த வசனம் எனக்கு வாலிபத்தில்தான் புரிந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு வயதான உபதேசியாரோடு சைக்கிளில் ஊர் ஊராகப் போவேன். யார் வீட்டிலாவது சாப்பிட்டுவிட்டுத் திண்ணை ஓரத்தில் கையை நீட்டுவார். நான் செம்பிலிருந்து ஊற்றுவேன். நிமிராத விரல்கள். கருவாட்டுக் குழம்பின் வாசம் போகும்வரை ஒவ்வொரு விரலாகத் தேய்ப்பார். அந்த நேரத்தில்தான், எந்த வீட்டில் என்ன கஷ்டம், யாரிடம் எதைக் கேட்கக்கூடாது என்று மெதுவாகச் சொல்லித்தருவார். ஒருநாள் ஒரு துக்க வீட்டில் வேதத்தை என் கையில் கொடுத்து, "நீ வாசி" என்று சொல்லிவிட்டு, பந்தல் ஓரத்தில் செருப்புகள் கிடந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு நாக்கு குழறியது. இரண்டு இடத்தில் வரி தவறினேன். அவர் எழுந்து வரவில்லை. ஊழியம் என் கைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

உங்கள் திருமங்கலத்தில்தான் 1842இல் அமெரிக்க மிஷனரிகள், உள்ளூர் ஆட்களை ஆசிரியர்களாகவும் உபதேசியார்களாகவும் தயார்செய்ய ஒரு பள்ளியைத் தொடங்கினார்கள். 1845இல் அது பசுமலைக்குப் போனது. மிஷனரி எப்போதாவது வருவார். ஊரோடு இருந்து நோயாளிக்கும் சாவு வீட்டுக்கும் ஓடியவர்கள் உபதேசியார்கள். நம் பக்கத்துச் சபைகள் பலவும் அவர்கள் கைபட்டு வளர்ந்தவை. நீங்கள் 11 வருஷம் செய்ததும் அந்த வேலைதான், தம்பி. அதை உங்களிடமிருந்து எந்த அறிவிப்பாலும் பிடுங்க முடியாது.

அந்த 20 குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் உங்கள் ஆடுகள் அல்ல, கர்த்தருடையவை. பாஸ்டரைத் தனியாகப் பாருங்கள். நீங்கள் கொடுத்த வாக்கு இது, எனக்கு வலித்தது என்று முகத்துக்கு நேராகச் சொல்லுங்கள். அந்த மகனோடும் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள், அவருக்கும் இது பாரமாக இருக்கலாம். அதற்குப் பிறகும் அங்கே இருக்க முடியாது என்றால் வெறுங்கையோடு வெளியே வாருங்கள். எலிசாவும் உழுத மாட்டை அடித்து, ஏர் மரத்திலேயே சமைத்து ஜனங்களுக்குப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினான்.

எனக்கு இப்போது பெரிய கவலை அந்தப் பத்தாம் வகுப்புப் பையன். மோசே யோசுவாவை நிறுத்திவிட்டுப் போனார். யோசுவா தனக்குப் பின் ஒருவரையும் நிறுத்தியதாக வேதத்தில் இல்லை. அடுத்து எழும்பியது கர்த்தரை அறியாத சந்ததி. இந்தப் பையன் உங்கள் கோபத்தை மட்டும் கற்றுக்கொண்டுவிடக்கூடாது. இந்த வார ஜெபக்கூட்டத்துக்கு அவனைக் கூட்டிப்போங்கள். வேதத்தை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் போய் உட்காருங்கள்.