நெடுந்தூர விமானங்கள் எப்போது மாறும்? மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். போன முறை சென்ற ஏர் இந்தியா விமானத்தில் இருக்கை சாயவில்லை, திரையும் வேலை செய்யவில்லை. இவ்வளவு பழைய விமானத்தில் மறுபடி ஏறலாமா? (வாசகி, செம்பூர்)

தைரியமாக ஏறுங்கள், அம்மா. கேபினின் கோலத்தை வைத்து விமானத்தின் உடல்நிலையைக் கணிக்க முடியாது. ஆண்டுக்கணக்கை மட்டுமல்ல, பறந்த மணி நேரத்தையும் ஏறி இறங்கிய தடவைகளையும் பொறியாளர்கள் பார்க்கிறார்கள். மேலே ஏறும் ஒவ்வொரு முறையும் உள்ளே உள்ள காற்றழுத்தத்தால் உடற்பகுதி சற்றே விரிகிறது, இறங்கும்போது சுருங்குகிறது. உலோகச் சோர்வு, அதாவது திரும்பத் திரும்ப விரிந்து சுருங்குவதால் உலோகம் பலமிழப்பது, இதனால்தான் வருகிறது. மும்பை–கோவா போன்ற தடத்தில் பறக்கும் சிறிய விமானம் ஒரே நாளில் ஆறு முறை தரையிறங்கலாம். அமெரிக்கா போகும் பெரிய விமானத்துக்கு ஒன்றோ இரண்டோதான். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை 'டி செக்' என்ற முழுச் சோதனை நடக்கும். அப்போது இருக்கைகளையும் பக்கத் தகடுகளையும் கழற்றிவிட்டு விரிசல், துரு எல்லாவற்றையும் தேடுவார்கள்.

ஆனாலும் உங்கள் புகார் சிறியதல்ல. பதினைந்து மணி நேரத்துக்கு மேல் சாயாத இருக்கையில் ஒரு வயதானவரை உட்காரவைத்துவிட்டு முழுக் கட்டணம் வாங்குவது அநியாயம். எழுத்தில் புகார் கொடுங்கள்.

பாதுகாப்பானவை என்றால் ஏன் மாற்ற வேண்டும்? (வாசகர், மாட்டுங்கா)

எரிபொருளுக்காக. ஏர்பஸ் நிறுவனத்தின் புதிய ஏ350 விமானத்தின் கட்டமைப்பில் பாதிக்கு மேல் கலப்பு இழைப் பொருள் (பிசினில் பதித்த கார்பன் இழை போன்றது), எடை குறைவு. முந்தைய தலைமுறையைவிட 25 சதவீதம் எரிபொருள் மிச்சம் என்கிறது ஏர்பஸ்.

டாடா குழுமம் 2022இல் ஏர் இந்தியாவை வாங்கியது, 470 விமானங்களுக்கு ஆர்டரும் கொடுத்தது. இன்னும் ஏன் பழையவையே வருகின்றன? (வாசகர், முலுண்ட்)

2023இல் அறிவித்த அந்த 470இல் பெரிய விமானங்கள் 70தான்: ஏ350 நாற்பது, போயிங்கின் 787-9 இருபது, 777-9 பத்து. முதல் ஏ350 அந்த டிசம்பரிலேயே வந்ததற்குக் காரணம், அது ரஷ்யாவின் ஏரோஃப்ளோட்டுக்காகக் கட்டப்பட்டு, ரஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளால் அங்கே போகாமல் நின்ற விமானம். அப்படிக் கிடைத்த ஆறும் பெரும்பாலும் டெல்லியிலிருந்து லண்டன், நியூயார்க் தடங்களுக்குப் போயின. மும்பைப் பயணிகளின் மனக்குறையில் நியாயம் இருக்கிறது. 777-9இன் நிலை வேறு: அது சோதனையாக முதலில் பறந்தது 2020 ஜனவரியில். முதல் விமானத்தை 2027இல்தான் ஒப்படைப்போம் என்கிறது போயிங்.

அதுவரை பழையவற்றின் உள்புறத்தை 40 கோடி டாலர் செலவில் புதுப்பிக்கிறார்கள். இதிலும் சிக்கல் உண்டு. ஒரு விமானத்தைப் புதுப்பிக்க அனுப்பினால் அது பறக்கும் தடத்துக்கு மாற்று வேண்டும். 2025 செப்டம்பரில் டெல்லி–வாஷிங்டன் சேவை நிறுத்தப்பட்டதற்கு, பாகிஸ்தான் வான்வெளி மூடலோடு இந்தப் பற்றாக்குறையும் காரணம். வலியோடு எடுத்த முடிவுதான். ஆனால் கிழிந்த இருக்கைகளோடு எல்லாத் தடங்களையும் இழுத்துக்கொண்டிருப்பதைவிட இதுவே சரி என்பேன்.

இரண்டடுக்கு ஏ380 வாங்கலாமே? (மாணவர், தாராவி)

முடியாது. அதன் உற்பத்தி 2021இலேயே முடிந்துவிட்டது.

எந்த விமானம் வரும் என்று முன்கூட்டியே அறிய வழி உண்டா? (வாசகி, சயான்)

உண்டு. டிக்கெட் பதிவுசெய்யும்போதே விமான வகை காட்டப்படும். 359 என்றிருந்தால் ஏ350-900. 788 என்றால் பழைய 787-8, அது புதுப்பிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். இருக்கை வரைபடத்தையும் பாருங்கள். கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றுவது வழக்கம் என்பதால், புறப்படுவதற்கு முந்தைய நாள் இன்னொரு முறை சரிபாருங்கள்.